சுவர்க் கடிகாரமும் ஸ்டாப் வாட்சும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இயற்பியல் லேபில் தனி ஊசல் சோதனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இருபது அலைவுக்கு நேரம் எடுக்க ஸ்டாப் வாட்ச் கொடுப்பார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் விடுவார்களா? அந்தப் பாடத்தை மறந்து நான் செய்த தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

வெப் சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் தர எவ்வளவு நேரம் ஆனது என்று லாகில் பதிய ஒரு மென்பொருள் எழுதினேன். தொடங்கும்போது கணினியின் மணியைப் பார், முடிந்ததும் பார், கழித்துக்கொள். அவ்வளவுதான்.

ஒருநாள் நான்கைந்து கோரிக்கைகள் மூன்று வினாடிக்கு மேல் எடுத்ததாக லாக் காட்டியது. புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, "உன் புரோகிராம்தான் இழுக்குது" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். "பல தடவை ஓட்டிப் பார்த்துட்டேன் சார், கால் வினாடிகூட ஆகல" என்றான். "மெஷின் பொய் சொல்லுமா?" என்றேன்.

சொல்லும். ஒரு வாரம் கழித்து அதே லாகில் 'மைனஸ் இரண்டு வினாடி' என்று ஒரு வரி. கேள்வி வருமுன்பே பதில் போய்விட்டதாம்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணினியின் மணி பிசகினால் என்டிபி என்ற ஏற்பாடு அதைத் திருத்தும். பிசகு பெரிதானால் ஒரே தாவலாக முன்னேயோ பின்னேயோ நகர்த்திவிடும். அந்த நேரத்தில் நடுவில் இருந்த கோரிக்கையின் கணக்கு கெட்டுப்போகும். மைனஸ் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கூடுதலாக வந்த பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்தில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் மென்பொருளில் கழித்தல் மைனஸில் போய், சில சர்வர்கள் தடுமாறின. அது கோ மொழியில் எழுதப்பட்டது. 2017 ஆகஸ்டில் வந்த கோ 1.9, நேரத்தைக் கழிக்கப் பின்னோக்கிப் போகாத கடிகாரத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டது.

அதற்குப் பெயர் மானோடானிக் கிளாக். இப்போது மணி என்ன என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு கடந்தது என்று மட்டும் தெரியும். ஜாவாவில் நானோடைம், பைத்தானில் மானோடானிக் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு கணினியில் எடுத்த எண்ணை இன்னொன்றோடு கழிக்கக் கூடாது, அவ்வளவுதான். கோரிக்கை எப்போது வந்தது என்பதற்குச் சுவர்க் கடிகாரம். எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கு ஸ்டாப் வாட்ச். லாகில் இரண்டும் வேண்டும்.

அந்தப் பையனிடம் எல்லார் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். மாணவர்களே, நாளைக்கு நீங்களும் யாரையாவது குறை சொல்லும் இடத்தில் உட்காருவீர்கள். அதற்கு முன் எதை வைத்து அளந்தோம் என்று ஒருமுறை பாருங்கள்.