நீரிழிவும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தர். ஆயினும் நீரிழிவைப் பற்றிப் பேச நமக்கு ஒரு தகுதி உண்டு. அந்நோய் ஆறாண்டுகளாக நம் உடம்பிலேயே குடியிருக்கிறது.

அலுவலகத்தார் நடத்தும் உடற்பரிசோதனையில்தான் அது முதலில் வெளிப்பட்டது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 168 மில்லிகிராம். 100-க்குக் கீழ் இருந்தால் நலம். 126-ம் அதற்கு மேலும் இருமுறை காணப்பட்டால் நீரிழிவு என்பது மருத்துவர் கணக்கு. மறு சோதனையும் அதையே கூறிற்று. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு திங்களில் சர்க்கரை 112-க்கு இறங்கியது. நாம் செய்தது என்ன? நோய் நீங்கிற்று என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். யாரோ சொன்னார்கள் என்று பாகற்காய்ச் சாறு குடித்தோம். உடன் பணிபுரிவோர் அறிந்தால் இழுக்கு என்று எண்ணி, அவர்கள் நீட்டிய ரசகுல்லாவையும் மறுக்காமல் உண்டோம்.

அன்பர்களே! சரிவில் நிற்கும் வண்டி பிரேக்கினால் நிற்கிறது. வண்டிதான் நின்றுவிட்டதே என்று பிரேக்கைத் தளர்த்துவார் உண்டோ? நாம் அதைத்தான் செய்தோம். அடுத்த ஆண்டு புதிய செருப்பு கடித்து வலக்காலில் ஒரு புண் உண்டாயிற்று. வலி தெரியவில்லை. வலியில்லை என்பதே ஆபத்தின் அறிகுறி என்பதை அப்போது அறியோம். சர்க்கரை மிகுந்து நெடுநாள் நிற்குமாயின் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறத் தாமதிக்கிறது. ஐந்து வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தோம். கால் தப்பியது.

அந்நாட்களில்தான் இன்னொன்று நிகழ்ந்தது. நமக்குத் துணையாக வந்த மனைவியாரையும் சோதித்துப் பார்க்கலாமே என்றார் மருத்துவர். "எனக்கென்ன நோய்? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் சிரித்தார். வற்புறுத்திச் சோதித்தோம். வெறும் வயிற்றில் 214! முதலில் நமக்குக் கண்ட அளவினும் மிகுதி. அலுவலகம் நம்மை அழைத்துச் சோதித்தது. அவரை அழைப்பார் யார்? எல்லோரும் உண்டபின் உண்டு, மிஞ்சிய சோறு வீணாகலாகாது என்று அதையும் உண்டு, களைப்பு வந்தால் வேலை மிகுதி என்று தம்மைத் தேற்றிக்கொண்டவர் அவர். நம் நோயை மறைத்தது நம் குற்றம். அவர் நோயை அறியாமலே இருந்தது அதனினும் பெரிய குற்றம். இதைச் சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கிறோம்.

இந்நோய் நமக்குப் புதிதன்று. சென்னையில் மருத்துவர் எம். விசுவநாதன் அவர்கள் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-ல் இராயபுரத்தில் அவர் கண்ட மருத்துவமனை பின்னர் இதற்கென்றே ஆயிற்று. இன்றோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுற்றோர். பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்போர்.

வாசலில் நிற்போர் திரும்பி வர இயலுமா? இயலும் என்று சென்னையும் காட்டியது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டு காலம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் நம்மைப்போல் அலுவல் பார்க்கும் நடுத்தர வகுப்பினர். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவை ஒழுங்குபடுத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடந்தவர்களில் நூற்றுக்கு 39 பேரே நோயுற்றனர். மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கும் ஏறத்தாழ இதே பயன் கிட்டியது. நடை, விலையில்லா மருந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நோய் வந்தபின்னரோ நடையும் வேண்டும், மருந்தும் வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. இன்சுலின் என்றதும் அஞ்சுவோர் பலர். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் சாவின் விளிம்பிலிருந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தெழுந்தான். அது கடைசி மருந்தன்று. உயிர் காக்கும் மருந்து. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ கொள்வோர் உணவு தவறினால் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகவேண்டும். ஊருக்குச் செல்லும் நெடும்பயணத்தில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

உணவிலோ, சர்க்கரையை மட்டும் விலக்கிச் சோற்றைக் குவிப்பதில் பயனில்லை. சாந்த்ராகாச்சி ஓல் என்று வங்காளிகள் போற்றும் நம்மூர்ச் சேனைக்கிழங்கும் மாவுப்பொருளே. அதை உண்ணும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்க. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறினை உணவுமுறைக்கே ஒதுக்கியிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக மூன்று வேண்டுகோள். முதலாவது, முப்பது வயது கடந்த கணவனும் மனைவியும் ஒரே நாளில் சேர்ந்து சோதித்துக்கொள்ளுங்கள். நோயுள்ளோர் மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையையும் செய்துகொள்க. ஆண்டுக்கொருமுறை கண்ணையும் சிறுநீரகத்தையும் காட்டுக. இரவுதோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்க. இரண்டாவது, காலை ஐந்தரை மணிக்கு ஏரிப் பக்கம் நடக்க வாருங்கள். குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வரும் பறவைகளையும் கண்டு மகிழலாம். நாமும் மனைவியாரும் அங்கே இருப்போம். மூன்றாவது, அடுத்த ஆண்டு விழாவில் சர்க்கரைப் பொங்கலோடு சுண்டலும் இருக்கட்டும். வேண்டாம் என்பாரை மூன்றுமுறை வற்புறுத்தும் வழக்கம் ஒழியட்டும்.

பிழைப்பைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோம். தேடிய பிழைப்பை நுகர உடல்நலம் வேண்டும்.