டாக்டர் ஹூவும் நம் பின்னறை அலமாரியும்

(சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இங்கிலாந்தில் பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை மாலை, 'டாக்டர் ஹூ' என்ற தொடரைத் தொடங்கியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்று மட்டுமே பெயர் கொண்ட ஒருவர் காலம் கடந்தும் கிரகம் கடந்தும் பயணம் செய்கிறார். அவருடைய வாகனம் வெளிப்பார்வைக்கு ஒரு நீல நிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம். நடிகர் விலகினால் டாக்டர் தன் உடம்பையே மாற்றிக்கொள்வார், கதை தொடரும். இந்த ஓர் ஏற்பாட்டால்தான் இத்தனை பத்தாண்டுகளைத் தாண்டி அது நிற்கிறது.

நான் பேச வந்தது கதையைப் பற்றி அல்ல. அந்தத் தொடர் கேசட்டாகவும் டிவிடியாகவும் வீடுகளுக்கு வந்த விதத்தைப் பற்றி. அதில் நம் சங்கத்துக்கும் ஒரு சேதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1983-இல் தொடருக்கு இருபது வயது. அந்த ஏப்ரலில் லாங்லீட் என்ற இடத்தில் ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். முதல் வீடியோ கேசட்டாக எந்தக் கதையைப் போடலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். பெரும்பாலோர் கேட்டது 1967-இல் ஒளிபரப்பான 'சைபர்மென்களின் கல்லறை'. நல்ல தேர்வுதான். ஆனால் விற்கச் சரக்கு இல்லை. அந்தக் கதையின் நான்கு பகுதிகளில் ஒன்றுகூட பிபிசியின் கையில் கிடையாது. ஆகவே அதே சைபர்மென்கள் வரும் 1975-ஆம் ஆண்டுக் கதை ஒன்றை எடுத்து, நான்கு பகுதிகளையும் ஒட்டி ஒரே படமாக்கி, அக்டோபரில் வெளியிட்டார்கள். விலை 39.95 பவுண்டு. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை அல்ல. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று.

கேட்டது எங்கே போயிற்று? அதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

அந்த நாளில் நிகழ்ச்சிகளை இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில் பதிந்தார்கள். டேப் விலை மிக அதிகம். அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதே அதன் பெரிய லாபம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறுஒளிபரப்புச் செய்ய முடியாது. கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்துகொண்டிருந்தது. பழையதை இனி யார் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். வீட்டில் ஒரு பெட்டியை வைத்து, வேண்டியபோது வேண்டியதைப் போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அவர்களில் யாரும் எண்ணவில்லை. ஆகவே 1967 முதல் பல ஆண்டுகள் டேப்புகளை ஒவ்வொன்றாக அழித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அன்றைய கணக்குக்கு அது சிக்கனம்.

டேப்பை அழித்ததால் மட்டும் எல்லாம் போய்விடவில்லை. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக நிகழ்ச்சியை 16 மி.மீ. ஃபிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும், எழுபதுகளில், விற்பனைப் பிரிவு அந்த ஃபிலிம்களையும் கழித்துக் கட்டியது. டேப்பை அழித்த பிரிவு, விற்பனைக்காரர்களிடம் ஃபிலிம் இருக்கிறது என்று இருந்தது. விற்பனைப் பிரிவு, நூலகத்தில் மூலப்பிரதி இருக்கும் என்று இருந்தது. நூலகமோ, ஃபிலிமிலேயே எடுத்த நிகழ்ச்சிகள்தான் என் பொறுப்பு, டேப் என் பொறுப்பல்ல என்று இருந்தது. மூன்று பேரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். இதைப் படித்தபோது எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பழைய ஏடுகளை நாங்களும் அழிப்போம். எல்லாவற்றையும் வைத்திருக்க இடம் ஏது? ஆனால் அழிக்கும் முன் பட்டியல் எழுத வேண்டும். அதில் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். தலைமை அலுவலகத்தில் நகல் இருக்கும் என்று யாராவது சொன்னால், "இருக்கும்" என்பதை ஏற்க மாட்டோம். "இருக்கிறது" என்று எழுத்தில் வர வேண்டும். இருக்கும் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் டாக்டர் ஹூவின் முதல் ஆறு ஆண்டுகள் விழுந்தன. அந்த ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பானவை 253 பகுதிகள். அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இல்லை.

1978-இல்தான் பிபிசி விழித்துக்கொண்டது. எதை வைப்பது என்று தேர்வு செய்யும் பொறுப்புக்கு சூ மால்டன் என்ற பெண்மணி வந்தார். அதன் பிறகு அழிப்பு நின்றது, தேடல் தொடங்கியது.

கிடைத்த இடங்களைக் கேளுங்கள். 1983-இல் லண்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் நிலவறையில் இரண்டு பகுதிகள். 1999-இல் நியூசிலாந்தில் ஒருவரின் சேகரிப்பில் ஒரு பகுதி. 2011-இல் இன்னும் இரண்டு. ஒரு பள்ளி விழாவில் விற்பனைக்கு வைத்த பழைய ஃபிலிம்களை எண்பதுகளில் வாங்கி வைத்திருந்த ஒருவரிடம் அவை இருந்தன. ஆஸ்திரேலியத் தணிக்கைத் துறையினர், குழந்தைகள் பயப்படுவார்கள் என்று சில துண்டுகளை வெட்டிக் கோப்பில் வைத்திருந்தார்கள். முழுப் பகுதி தொலைந்துவிட்டது. வெட்டி எறிந்த துண்டு பத்திரமாக இருக்கிறது. அதுவும் மிகவும் பயங்கரமான இடம் மட்டும்!

அந்தக் 'கல்லறை' கதை? அது ஹாங்காங்கில் இருந்தது. ஒளிபரப்புக்காக அனுப்பிய நான்கு ஃபிலிம்களும் அங்கிருந்த தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து திரும்பி வந்தன. 1992-இல் கேசட்டாக வெளியானது. 1983-இல் கேட்டவர்கள் ஒன்பது ஆண்டு காத்திருந்து வாங்கினார்கள்.

2013-இல் இன்னொரு பெரிய கண்டெடுப்பு. பிலிப் மோரிஸ் என்ற ஆய்வாளர் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் காணாமல் போன ஒன்பது பகுதிகளைக் கண்டுபிடித்தார். இரண்டு கதைகளைச் சேர்ந்தவை. ஒரு கதை முழுமையாகிவிட்டது. இன்னொன்றில் மூன்றாம் பகுதி மட்டும் கிடைக்கவில்லை. அதை வெளியிட்டபோது ஒளிபரப்பு நாளில் திரையிலிருந்து எடுத்த நிழற்படங்களையும் ஒலியையும் சேர்த்து அந்த இடத்தை நிரப்பினார்கள்.

ஒலி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அறுபதுகளில் சில பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து, வீட்டாரைப் பேசாமல் இருக்கச் சொல்லி, டேப் ரிக்கார்டரில் பதிந்தார்கள். மறுபடி காட்ட மாட்டார்கள், கேட்டாவது ரசிக்கலாம் என்ற ஆசைதான் காரணம். அவர்கள் தயவால், படம் தொலைந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி முழுவதும் இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தால் காக்க முடியாததைப் பிள்ளைகள் காத்தார்கள். அந்த ஒலியின் மேல் புதிதாக அனிமேஷன் வரைந்து சேர்த்து, தொலைந்த கதைகளை இப்போது டிவிடியாக வெளியிடுகிறார்கள். 1966 நவம்பர் 5-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய 'டாலெக்குகளின் சக்தி' என்ற கதையை, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2016 நவம்பர் 5-இல் அனிமேஷனாக வெளியிட்டார்கள்.

கிடைத்ததைச் செப்பனிடுவதும் பெரிய வேலை. மூல வீடியோவில் ஒரு விநாடிக்கு 50 அசைவுகள் பதிவாகும். ஃபிலிம் பிரதியில் 25 மட்டுமே. இடையில் விட்டுப்போன அசைவைக் கணினியால் கணித்துச் சேர்க்கிறார்கள். பார்த்தால் நேற்று ஸ்டுடியோவில் எடுத்தது போல இருக்கும். எழுபதுகளின் சில கலர்க் கதைகள் கறுப்பு வெள்ளை ஃபிலிமாக மட்டுமே மிஞ்சின. அந்த ஃபிலிமில் மிக நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. அவை கலர் சமிக்ஞையின் தடயம். அதைப் படித்தே பழைய நிறத்தை மீட்டார்கள். 2013-இல் ஒரு கதையின் ஐந்து பகுதிகள் அப்படி நிறம் பெற்று டிவிடியாக வந்தன. அன்று அந்தப் புள்ளிகள் வெறும் குறை, படத்தில் ஒரு கசடு.

இப்போது நம் சேதிக்கு வருகிறேன்.

சங்க அலுவலகத்துப் பின்னறையை வெள்ளையடிக்கும் முன் காலி செய்வதாகச் செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. நல்ல முடிவு; கரையான் வந்த பிறகு வருந்திப் பயனில்லை. அங்கே உள்ள இரும்பு அலமாரியை நான் பார்த்தேன். பழைய ரசீதுப் புத்தகங்கள் இருக்கின்றன, போகட்டும். ஆனால் கட்டடத்தின் குழாய், மின்கம்பி வரைபடங்கள் ஒரு சுருளாக இருக்கின்றன. பில்டரிடம் நகல் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். நகல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

அதே அலமாரியில் நான்கு வீடியோ கேசட்டுகள் உள்ளன. நம் முதல் பொங்கல் விழா, முதல் பொதுக்குழு. இந்தச் சங்கத்தைத் தொடங்கிய நம் முதல் செயலாளர் பேசியது அதில் பதிவாகியிருக்கிறது. அவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. அவர் மனைவி பி பிளாக்கில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன்; அவர்கள் வீட்டில் அவர் குரல் எதிலும் இல்லையாம். சங்கத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். செயற்குழுவில் சிலர், அந்தக் கேசட்டின் பிரதி அவர் வீட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிபிசி கதை இதுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எடைக்குப் போடும் முன் ஒரு பட்டியல். எழுதித் தர நான் தயார். இரண்டு பேர் கூட வந்தால் ஒரு ஞாயிறு காலையில் முடித்துவிடலாம். இரண்டு, கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றுவது. இதைத் தள்ளிப்போட முடியாது. வி.சி.ஆர். கருவி தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் கருவிகள் குறைந்துகொண்டேதான் போகும். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டுக் கருவியில் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், கருவியும் கெடும். சுத்தம் செய்து மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். மூன்று, மாற்றியதை ஒரே இடத்தில் வைக்காமல், சங்கத்தில் ஒன்றும் இன்னொரு வீட்டில் ஒன்றுமாக வைப்பது. எங்கே இருக்கிறது என்பதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதுவது.

உங்கள் வீட்டுப் பரணிலும் கல்யாணக் கேசட் இருக்கும். பெரியண்ணன் வீட்டில் ஒன்று இருக்கும் என்று நினைக்காமல், இன்று இரவே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பின்னறையை அடுத்த மாதம் முதல் வாரம் காலி செய்கிறார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் இருப்பேன். காபி சங்கத்தின் செலவு என்று பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாருங்கள்.