‘ஓகே’ சொல்லாதீர்கள்!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, “கப்பல் அனுபவம் பத்திப் பேசுங்க” என்றார். “கிரேக்க மொழியையும் கான்டனீஸ் மொழியையும் ஒப்பிட்டுப் பேசட்டுமா சார்?” என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதற்கு என்று நினைத்திருப்பார். நியாயம்தான். ஆனால் இந்த இரண்டு மொழிகளும் எனக்கு வேலை செய்த இடத்தில்தான் அறிமுகமாயின. கிரேக்கர்கள் உலகின் பெரிய கப்பல் முதலாளிகள். ஹாங்காங், உலகின் பெரிய கப்பல் பதிவு மையங்களில் ஒன்று. அங்கே மக்கள் பேசுவது கான்டனீஸ். கப்பல் தொழிலுக்கு வந்தவன் இரண்டிலிருந்தும் தப்ப முடியாது.

2011-இல் ஒரு சரக்குக் கப்பலில் ஜூனியர் இன்ஜினியராக ஏறினேன். சீஃப் இன்ஜினியர் கிரேக்கர். ஏறிய இரண்டாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

என்ஜின் ரூமில் எண்ணெயைச் சூடாக்க நீராவிக் குழாய் போகும். அதன் வால்வு அருகில் நான் நின்றேன். இருபது அடி தள்ளி சீஃப். காதைப் பிளக்கும் இரைச்சல். “திறக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் முகவாயை மேலே தூக்கி ஏதோ கத்தினார். என் காதில் ‘ஓகே’ என்று விழுந்தது. கால் சுற்று திறந்தேன். குழாயின் மறுபக்கம் ஃபிளாஞ்சைக் கழற்றிக்கொண்டிருந்த ஆயிலரின் முன்னங்கை வெந்துவிட்டது.

சீஃப் சொன்னது ‘ஓகே’ இல்லை. ‘ஓஹி’. கிரேக்க மொழியில் அதற்கு ‘இல்லை, வேண்டாம்’ என்று பொருள். அவர்கள் ‘இல்லை’ என்பதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்குவார்கள். நம் ஊரில் முகவாயைத் தூக்கினால் ‘என்ன?’ என்று கேட்பதாக அர்த்தம். அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தால்கூட இன்னொரு தடவை கேட்டிருப்பேன். அதையும் செய்யவில்லை.

ஆயிலருக்கு இரண்டு வாரம் கட்டு. தழும்பு நிலைத்துவிட்டது. அவர் என்னைத் திட்டவே இல்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று இரவு சீஃப் ஒரு நோட்டோடு என் கேபினுக்கு வந்தார். “தப்பு இரண்டு பேர் மேலும் இருக்கிறது. நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும், நீ மறுபக்கம் பார்த்திருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு முதல் பாடம் எடுத்தார். ‘நே’ என்றால் ‘ஆமாம்’. ‘நோ’ மாதிரி ஒலித்தாலும் ஆமாம்தான்!

நமக்குக் கிரேக்க எழுத்து தெரியும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது அல்லவா? நாம் கரும்பலகையில் எழுதிய பீட்டா, இன்றைய கிரேக்கர் வாயில் ‘வீத்தா’. மியூ, ‘மி’. எழுத்து இருபத்து நாலும் தெரிந்த எனக்கு, சொல் ஒன்றும் தெரியவில்லை. அதில் அழுத்தம் விழும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘போத்தெ’ என்று முதலில் அழுத்தினால் ‘எப்போது?’, ‘பொத்தே’ என்று பின்னால் அழுத்தினால் ‘ஒருபோதும் இல்லை’. “பம்ப் வேலை எப்போ முடியும்?” என்று கேட்கப் போய், முடியவே முடியாது என்று நானே அறிவித்த நாட்கள் உண்டு. நல்லவேளையாக, எழுதும்போது அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேல் ஒரு சிறு கோடு போட்டுவிடுவார்கள். முன்பு மூன்று வகைக் கோடுகள் இருந்தன, 1982-இல் ஒன்றாக்கிவிட்டார்கள்.

2017-இல் ஹாங்காங்குக்கு வேலை மாறியது. கப்பல் பழுதுபார்க்கும் டாக்கில் மேற்பார்வை. அங்கே அனுபவமுள்ள தொழிலாளியை ‘சிஃபூ’ என்று மரியாதையாக அழைப்பார்கள், நாம் ‘மேஸ்திரி’ என்பதுபோல. கிரேக்கரும் கைவினைஞரை ‘மாஸ்தொரா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்தொராவும் மேஸ்திரியும் உறவு. லத்தீன் ‘மகிஸ்தர்’ என்ற சொல்லின் வழிவந்தவை. நமக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. ஆனால் கிரேக்கர் தண்ணீரை ‘நெரோ’ என்பதைக் கேட்டு, “ஆகா, நம்ம நீர்!” என்று நான் துள்ளியது வீண். அது ‘புதியது’ என்ற பொருளுள்ள பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இங்கேயும் காது ஏமாற்றியது.

கான்டனீஸில் அழுத்தம் இல்லை, சுரம். ஆறு சுரங்கள். ‘சி’ என்ற ஒரே அசையை ஆறு விதமாகச் சொன்னால் கவிதை, வரலாறு, தேர்வு, நேரம், சந்தை, விஷயம் என்று ஆறு சொற்கள்! ‘மாய்’ என்று அடியிலிருந்து குரலை உயர்த்தினால் ‘வாங்கு’. அடியிலேயே சமமாக விட்டால் ‘விற்பனை செய்’. கேஸ்கெட் வாங்கப் போன நான் விற்க வந்தவனானேன். சிஃபூ விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே எழுத்திலும் உதவி கிடையாது. சீன எழுத்தின் மேல் சுரக்குறி எதுவும் இருக்காது.

இலக்கணத்தை நம் பாஷையில் சொன்னால், கிரேக்கம் வெல்டிங், கான்டனீஸ் போல்ட்–நட்டு. ‘கிராஃபோ’ என்றால் ‘நான் எழுதுகிறேன்’, ‘கிராஃபிஸ்’ என்றால் ‘நீ எழுதுகிறாய்’. ஆள், எண், காலம் எல்லாம் வாலில் உருகி ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. கான்டனீஸில் ‘செ’ என்றால் எழுது. நானோ நீயோ அவரோ யார் எழுதினாலும் ‘செ’தான். முடிந்துவிட்டது என்று காட்ட ‘ஜோ’ என்ற தனித் துண்டைப் பின்னால் மாட்டுவார்கள்.

இரண்டுக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. இரண்டிலும் ஏடு வேறு, வாய் வேறாக இருந்தது. கிரேக்க நாட்டில் பைபிளைப் பேச்சுமொழியில் பெயர்த்ததற்காக 1901-இல் ஏதென்ஸ் தெருக்களில் கலவரம் நடந்து உயிர்கள் போயின. 1976-இல்தான் அரசு பேச்சு வழக்கை ஏற்றது. ஹாங்காங்கில் இன்றும் பத்திரிகையில் ‘அவர்’ என்பதற்கு ஓர் எழுத்து, வாயில் வேறு சொல். மேடையில் ஒரு தமிழும் கேன்டீனில் ஒரு தமிழும் பேசும் நமக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

சரி, வால்வுக்கு வருகிறேன். டாக்கில் ஒருநாள் சிஃபூவும் அவர் உதவியாளரும் பேசிக்கொண்டதைக் கவனித்தேன். உதவியாளர், “ஹொய் ம் ஹொய்?” என்றார். ‘திற–திறக்காதே, எது?’ என்று பொருள். சிஃபூ ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. “ஹொய்” என்றார். ‘திற’. கான்டனீஸில் இப்படிக் கேட்டால் வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் வழக்கம். எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் சீஃபும் இந்த முறையில் பேசியிருந்தால் அந்தக் கை வெந்திருக்காது.

நம் வீட்டிலும் அப்படித்தானே? “கதவைத் திறக்கட்டுமா?” என்றால் அம்மா, “திற” என்பார். நம்மிடமே இருந்த நல்ல பழக்கத்தை ‘ஓகே’ வந்து கெடுத்துவிட்டது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘ம் ஹொய்’ என்பதில் அந்த ‘ம்’ இரைச்சலில் காணாமல் போகும். ‘திறக்காதே’ என்பதிலும் மறுப்பு கடைசியில்தான் வரும். அதனால் இப்போது என் பொறுப்பிலுள்ள வேலைகளில் விதி இதுதான்: ‘ஓகே’ கூடாது, ‘திறக்காதே’யும் கூடாது. ‘திற’ அல்லது ‘மூடு’. கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் தலையாட்டினால் போதாது, மறுபடி வாயால் சொல்ல வேண்டும். புதுப் பையன்கள் முதல் வாரம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் கப்பலுக்கு வராவிட்டாலும் மின்நிலையத்திலோ கட்டட வேலையிலோ வேறு மொழிக்காரரோடு நிற்பீர்கள். உங்கள் காது நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான் கேட்கும். கேட்டது சரியா என்று இன்னொரு தடவை கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்ட வெட்கத்தை நான் பல வருஷமாகச் சுமக்கிறேன்.