பொழுதும் மணியும்: ஆஸ்திரேலியா தரும் பாடம்



பொழுது விடிந்தது என்கிறோம். மணி விடிந்தது என்று எவரும் சொல்வதில்லை. பொழுது கதிரவனுக்கு உரியது. அடித்து அறிவிக்கும் மணியோசையிலிருந்து பிறந்த காலச்சொல்லாகிய ‘மணி’யோ மக்களின் உடன்பாட்டுக்கு உரியது. இரண்டும் விலகி நிற்பதை நாம் நன்கறிவோம். 1982 சனவரி முதல் நாள், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றுபடும்பொருட்டுத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டன. சிங்கப்பூரும் உடன் சென்றது. ஆகவேதான் கோலாலம்பூரில் கதிரவன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். ஒரே மணி வேண்டிப் பொழுதை விட்டுக்கொடுத்தோம்.

ஆஸ்திரேலியா அவ்வாறு செய்யவில்லை. புவி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. அக்கணக்கின்படி 1895இல் அங்கிருந்த குடியேற்ற நாடுகள் மூன்று நேர வலயங்களை வகுத்துக்கொண்டன. கிழக்கு, கிரீன்விச்சுக்குப் 10 மணி முன்னால். மேற்கு, 8 மணி. இடையிலிருந்த தெற்கு ஆஸ்திரேலியா முதலில் 9 மணியை ஏற்றது. 1899இல் கிழக்கை நெருங்க விரும்பி 9½ ஆக்கிக்கொண்டது. அந்த அரைமணி இன்றும் நிலைத்திருக்கிறது.

குளிர்காலத்தில் மூன்றாக இருக்கும் இவ்வலயங்கள், அக்டோபர் முதல் ஞாயிறன்று ஐந்தாகின்றன. தெற்கு மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்வைக்கின்றன. குவின்ஸ்லாந்து, வட ஆட்புலம், மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவை வைப்பதில்லை. ஏப்ரல் முதல் ஞாயிறுவரை இதே நிலை.

இவ்வழக்கத்தைத் தமிழில் ‘பகலொளி சேமிப்பு நேரம்’ என்கிறோம். மொழியியலாளனாகிய எனக்கு இச்சொல்லில் ஒரு குறை உண்டு. சேமித்ததைப் பின்னாளில் எடுத்துச் செலவிடலாம். இங்கோ எதுவும் சேர்வதில்லை. காலை வெளிச்சம் மாலைக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவே. 1967இல் டாஸ்மேனியா வறட்சியால் மின்சாரத்தை மிச்சப்படுத்தவே இதைத் தொடங்கியது; சேமிப்பு என்ற சொல் அங்கே ஓரளவு பொருந்தும்.

இடம்பெயர்க்க வெளிச்சம் மிகுதியாக இருக்க வேண்டுமல்லவா? ஹோபார்ட்டில் கோடைப்பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். வடக்கே கெய்ர்ன்சில் 13 மணி நேரத்துக்குச் சற்றே மிகும். குவின்ஸ்லாந்தின் உள்ளேயே இப்பிளவு உண்டு. கிழக்குக் கரையிலுள்ள பிரிஸ்பேனில் திசம்பர் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்னரே விடிந்துவிடும்; அங்குள்ளோர் மாற்றத்தை விரும்பினர். மேற்கே மவுண்ட் ஐசாவில் கதிரவன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 12.40க்கு. கடிகாரத்தை முன்வைத்தால் அது 1.40 ஆகும், மூன்று மணிக்குப் பள்ளிவிட்டு நடக்கும் குழந்தை உச்சிவெயிலில் வீடு திரும்பும். மூன்றாண்டுச் சோதனைக்குப்பின் 1992இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 54.5 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றனர். திரைச்சீலை வெளுத்துவிடும், பசுக்கள் குழம்பிவிடும் என்று அஞ்சியவர்களாக அவர்களைக் கேலி செய்யும் பழக்கம் இன்றும் உண்டு. அக்கேலியில் அந்தக் குழந்தையின் வெயில் மறைந்துபோகிறது.

எல்லையில் கூலங்காட்டாவும் ட்வீட் ஹெட்சும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். கோடையில் தெருவைக் கடந்தால் ஒரு மணி மாறும். புத்தாண்டு இருமுறை பிறக்கும். அங்கே ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால், “எந்த மாநிலத்து மணி?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொழுது எது என்று கேட்கத் தேவையில்லை. தெருவின் இருபுறமும் அது ஒன்றுதான்.