பட்டை சேர்த்தால் பாரம் கூட்டலாமா?

(மும்பை தாராவியில், வேன் ஓட்டுநர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஒரு மெக்கானிக் பேசியது)

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவன். இன்று உங்களிடம் ஒரே ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். அது வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை பற்றியது.

ஆம்னி வேன் உங்களுக்குத் தெரியும். மாருதி கம்பெனி 1984-இல் கொண்டு வந்த வேன் அது. 2019-இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

அந்த வண்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். வில் போல வளைந்த பட்டைகள் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்தப் பட்டைகள் அதிர்ச்சியைத் தாங்கும்.

பல வருடம் ஓடினால் பட்டை களைத்துப் போகும். வளைவு குறையும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். அப்போது நீங்கள் எங்களிடம் வருகிறீர்கள். "அண்ணே, கூடுதல் பட்டை போட்டுக் கொடுங்கள்" என்கிறீர்கள்.

நானும் ஒரு வண்டிக்குப் போட்டுக் கொடுத்தேன். அது என் தங்கையின் கணவருடைய வண்டி. அவர் நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வருவார். பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். பின்பக்கம் நன்றாக உயர்ந்தது. "மாப்பிள்ளை, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள்" என்று சொன்னேன்.

அந்தச் சொல்தான் தவறு.

இரண்டு வாரம் கழிந்தது. கசாரா மலைப்பாதையில் இறங்கும்போது பின் டயர் வெடித்தது. வண்டி சுவரில் மோதியது. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஐந்து மாதம் வேலை இல்லை. என் தங்கை வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினாள்.

நான் போட்ட பட்டை உடைந்ததா? இல்லை. அது அப்படியே இருந்தது. டயர்தான் தாங்கவில்லை.

இது ஏன் என்று யோசியுங்கள். பாரத்தைச் சுமப்பது பட்டை மட்டுமா? இல்லை. பட்டைக்குக் கீழே அச்சு இருக்கிறது. பேரிங் இருக்கிறது. டயர் இருக்கிறது. ஓடும் வண்டியை நிறுத்த பிரேக் இருக்கிறது. நான் பட்டையை மட்டும் பலமாக்கினேன். மற்றவை பழைய பலத்திலேயே இருந்தன. முன்பு பாரம் அதிகமானால் பின்பக்கம் தாழ்ந்து நமக்கு எச்சரிக்கை சொல்லும். நான் வண்டியின் அந்த வாயை அடைத்துவிட்டேன்.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. பிறகு இரவு வகுப்பில் சேர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றேன். ஒரு நாள் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வண்டியின் எடை அதில் எழுதியிருந்தது. இத்தனை நாளும் அது எங்கள் கையில்தான் இருந்தது!

நீங்களும் உங்கள் ஆர்.சி.யைப் பாருங்கள். சரக்கு வண்டி என்றால் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, காலி வண்டியின் எடை. மற்றொன்று, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. மொத்த எடை 1,400 கிலோ, காலி எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 600 கிலோ. அதிலும் ஓட்டுநர், உதவியாளர் எடை போக மீதிதான் சரக்கு.

டயரின் பக்கத்திலும் எண்கள் இருக்கும். அதில் ஓர் எண் டயர் தாங்கும் எடையைக் குறிக்கும். 75 என்றால் 387 கிலோ. இரண்டு பின் டயரும் சேர்ந்து 774 கிலோ. வண்டியின் சொந்த எடையில் பின்பக்கப் பங்கும் இதில் அடங்கும். எந்த எண் என்று தெரியாவிட்டால் டயர் கடையில் கேளுங்கள்.

பட்டை சேர்த்ததால் இந்த எண்கள் எதுவும் மாறாது. அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதமும் உண்டு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அது 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும்.

அப்படியானால் பட்டை சேர்க்கவே கூடாதா? சேர்க்கலாம். அளவான பாரத்துக்கே பின்பக்கம் தாழ்ந்தால் சேர்க்கலாம். ஆனால் முதலில் பழைய பட்டை உடைந்திருக்கிறதா, ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்தாலே பல வண்டிகள் நிமிர்ந்துவிடும்.

பட்டை போடும்போது நீங்களும் கூட நின்று கவனியுங்கள்.

1. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

2. இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பட்டை போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டி சாயும்.

3. நடு போல்ட்டின் தலை அச்சில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அச்சு விலகும். வண்டி நேராக ஓடாது.

4. பட்டை கூடினால் கனம் கூடும். பழைய யு போல்ட்டின் நீளம் போதாது. நட்டு முழுவதும் மரையில் பிடிக்க வேண்டும்.

5. புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும்.

வேலை முடிந்ததா? உடனே கிளம்பாதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததால் முன்விளக்கின் ஒளி கீழே இறங்கும். அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். சில வண்டிகளில் பின் அச்சோடு பிரேக் வால்வு ஒன்று இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் "பாரம் இல்லை" என்று அது நினைக்கும். பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் ஓட்டிய பிறகு வந்து யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

என் மாப்பிள்ளை இப்போது நடக்கிறார். வண்டியும் ஓட்டுகிறார். ஆனால் கால் சிறிது தாங்கும். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "ஆர்.சி. எங்கே? வாருங்கள், சேர்ந்து படிப்போம்."

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் எடுத்துப் படியுங்கள். பட்டை வண்டியைத் தூக்கும். வண்டியின் அளவை உயர்த்தாது.