இயந்திரத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்



மொழிபெயர்த்துச் சொல்பவரின் அருமை தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணியார் தமிழில் எடுத்துச் சொன்னால்தான், காலையில் பெரட்டில் நிற்பவர்களுக்கு அன்றைய வேலை இன்னதென்று விளங்கும். அவர் தவறாகச் சொல்லிவிட்டால் ஒரு நாள் உழைப்பே வீணாகிவிடும். இன்று நாம் பேச இருப்பதும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் எனப்படும் கணினிக்குள் இருந்துகொண்டு, மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் அந்த மொழிபெயர்ப்பாளருக்குக் கம்பைலர் என்று பெயர்.

கணினி பெரிய அறிவாளி என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதற்குத் தெரிந்தவை இரண்டே குறிகள்: ஒன்று, பூஜ்யம். இந்த இரண்டையும் கோத்து எழுதிய எண்களாகத்தான் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவருடைய நாட்கூலியையும் கூடுதல் படியையும் கூட்டி மொத்தம் காண வேண்டும். நமக்கு இது ஒரே வரி. இயந்திரத்துக்கோ மூன்று கட்டளைகள் வேண்டும். இன்ன அறையில் உள்ள எண்ணை எடு. இன்ன அறையில் உள்ள எண்ணை அதனோடு கூட்டு. வந்த விடையை இன்ன அறையில் வை. ஒவ்வோர் அறையின் இலக்கத்தையும் எழுதுகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் இயந்திரம் தவறான விடையைத் தரும். அல்லது பேசாமல் நின்றுவிடும். எங்கே பிசகியது என்று சொல்லாது. ஆயிரம் கட்டளைகள் உள்ள ஒரு வேலையில் பிழையைத் தேடுவது எத்தனை சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் அந்நாளில் கணினியோடு பேசக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க நிபுணர்களே.

இந்தத் தொல்லையைத் தீர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் பேக்கஸ் என்பவர் 1953ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யோசனை சொன்னார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கணக்கைப் பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல் மனிதர் எழுதட்டும். அதை எண் கட்டளைகளாக மாற்றும் வேலையை இயந்திரமே செய்யட்டும் என்பதே அவருடைய யோசனை. அந்த எழுத்து முறைக்குப் போர்ட்ரான் என்று பெயர் வைத்தார்கள்.

நிபுணர்கள் பலர் இதை நம்பவில்லை. "இயந்திரம் மாற்றித் தரும் கட்டளைகள் கைத்தேர்ந்தவர் எழுதும் கட்டளைகளுக்கு ஈடாகுமா? வேலை மெதுவாக நடக்குமே! இயந்திரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் அல்லவா கொடுக்கிறோம்!" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆகவே, மாற்றித் தந்தால் மட்டும் போதாது, திறமையாகவும் மாற்றித் தர வேண்டும் என்று பேக்கஸ் குழுவினர் பாடுபட்டார்கள். யார் கேட்டாலும் "இன்னும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும்" என்றே சொல்லி வந்தார்கள். முடிய 1957 ஏப்ரல் ஆயிற்று. பகலில் இயந்திரம் மற்றவர்களுக்குத் தேவைப்படும். ஆதலால் நியூயார்க் நகரில் ஓர் ஓட்டலில் அறை எடுத்து, பகலில் சிறிது உறங்கி, இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்தார்கள். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த லோயிஸ் ஹைப்ட் என்ற இளம்பெண்ணும் அந்தக் குழுவில் ஒரு முக்கியப் பகுதியை எழுதினார். பிறர் இனி எண்களோடு மாரடிக்க வேண்டாம் என்பதற்காக இவர்கள் சுமார் 25,000 வரிகளை அதே எண் கட்டளை முறையில் எழுதி முடித்தார்கள்.

இனி, அந்தக் கம்பைலர் இயந்திரத்தில் ஏறிய கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகில் பெட்டிஸ் என்ற அணுசக்தி ஆய்வுக்கூடம் உண்டு. நாட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கு அணு உலை அமைத்துக் கொடுத்த இடம் அது. அங்கே கணக்குப் பிசகினால் விளைவு சிறியதாக இராது. அங்கே ஐ.பி.எம். 704 என்ற கணினி இருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். பழைய ரேடியோப் பெட்டிக்குள் சிவந்து எரியுமே, அதுபோன்ற வால்வுகளால் ஆனது. அதன் நினைவகத்தை எவ்வளவு பெருக்கினாலும், இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட முழுதாக அதில் வைக்க முடியாது.

1957 ஏப்ரலில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், சுமார் 2,000 துளை அட்டைகள். துளை அட்டை என்பது கெட்டியான காகித அட்டை. அதில் 80 பத்திகள் இருக்கும். துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று இயந்திரம் படித்துக்கொள்ளும். இன்னது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. பல நாளாக எதிர்பார்த்திருந்த போர்ட்ரான் கம்பைலர் இதுவாகத்தான் இருக்கும் என்று ஹெர்பர்ட் பிரைட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஊகித்தார்கள்.

அட்டைகளை வரிசை மாறாமல் வைப்பது மிகவும் முக்கியம். கட்டு கைதவறி விழுந்து கலைந்தால் கட்டளைகளும் கலைந்துபோகும். இதற்காகவே அந்நாளில் கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு கோடு போட்டு வைப்பார்கள். ஓர் அட்டை இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிவிடும். பெட்டிஸ் நண்பர்கள் அட்டைகளை இயந்திரத்தில் ஏற்றினார்கள். சோதனைக்காகத் தாங்கள் போர்ட்ரானில் எழுதிய ஒரு கணக்கையும் கொடுத்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். அச்சு இயந்திரம் ஓடியது. வந்தது விடையன்று, ஒரு குறிப்பு. இன்ன வகைக் கட்டளையில் அடைப்புக்குறிக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இல்லை என்று அச்சாகி வந்தது!

நேயர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். பிழை நேர்ந்தால் பேசாமல் நின்றுவிடும் இயந்திரம், இப்போது பிழை எந்த இடத்தில், என்ன பிழை என்று எழுத்தில் சொல்கிறது. விட்டுப்போன காற்புள்ளியைச் சேர்த்து மறுபடியும் கொடுத்தார்கள். இம்முறை விடைகள் அச்சாகி வந்தன.

இதனால் விளைந்த பயன் என்ன? 1957இல் பேக்கஸ் குழுவினர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்தார்கள். ஒரே நாள் போர்ட்ரான் பாடம் கேட்ட ஒருவர், தம் வேலைக்கான கணக்கை நான்கு மணி நேரத்தில் 47 வரிகளில் எழுதினார். கம்பைலர் ஆறு நிமிடத்தில் அதைச் சுமார் 1,000 எண் கட்டளைகளாக மாற்றிக் கொடுத்தது. முதலில் வந்த விடை தவறு. தம் பிழை எந்த வரியில் என்று அவரே கண்டு திருத்தினார். அடுத்த முறை சரியாக வந்தது. கையால் எழுதியிருந்தால் எழுதுவதற்கே மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார் அவர். பிழை தேடும் நாட்கள் அதற்கு மேல்!

ஓராண்டு கழித்து, 1958 ஏப்ரலில், 704 கணினி இருந்த 26 இடங்களில் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்ட இடங்களில் பாதிக்கு மேற்பட்ட கணக்குகள் போர்ட்ரானிலேயே நடந்து வந்தன. துளை அட்டை மறைந்துவிட்டது, வால்வும் போய்விட்டது. ஆயினும், புதிய வடிவங்கள் பெற்ற போர்ட்ரான் இன்றும் வானிலை கணிக்கும் கணக்குகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த மொழிகளும் பல.

பெற்றோர்களே, இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. "கணினியெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லி நம் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். வாசலைத் திறந்துவிடத்தான் அந்த இளைஞர்கள் இரவுகளில் கண்விழித்தார்கள். கூட்டல் கழித்தலும், ஒன்றன்பின் ஒன்றாக முறையாகச் சொல்லும் பழக்கமும் இருந்தால் எந்தப் பிள்ளையும் இதைத் தொடங்கலாம். பிள்ளை எழுதியதைக் கணினி ஏற்காமல் "பிழை" என்று காட்டினால், அதை ஏச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே திருத்த வேண்டும் என்று அது வழி காட்டுகிறது. போர்ட்ரானின் பயணமே ஒரு காற்புள்ளியைத் திருத்தித்தான் தொடங்கியது என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.