வளவில் ஒரு வெறுங்கிடங்கு



வீட்டின் கீழே ஓர் அறை என்னும் எண்ணம் நமக்குப் பெரிதும் பழக்கமானதன்று. குளிர்நாடுகளில் வீடு கட்டுவோர், பனிக்காலத்தில் மேல்மண் உறைந்து பருத்து அத்திவாரத்தை அசைத்துவிடும் என்று அஞ்சி, உறைபனி எட்டாத ஆழம்வரை மண்ணை அகழ்கின்றனர். அவ்வளவு ஆழம் தோண்டியபின் அதனை வீணே மூடுவானேன் என்று அங்கே ஓர் அறையையும் அமைத்துக்கொள்கின்றனர். அதுவே நிலவறை. நாளடைவில் பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்து வெறுமனே கிடக்கும் அவ்வறையை எவ்வாறு திருத்தியமைக்கலாம் என்பது அந்நாட்டு வீட்டாருக்கு ஓயாத ஆலோசனை.

வன்னியில் நிலைமை வேறு. நமது மண் உறைவதில்லை. இரண்டு மூன்றடி அத்திவாரமே சாதாரண வீட்டுக்குப் போதும். வாடைக்காற்றோடு வரும் மாரிமழையில் நிலத்தடி நீர் மேலெழும். கறையானுக்கும் பாம்புக்கும் குறைவில்லை. ஆதலால் நம் முன்னோர் நிலத்துக்குக் கீழே போக எண்ணவில்லை. மண்வீட்டுக்கும் உயர்ந்த திண்ணை வைத்தனர். நெல்லைக் கொம்பறையில் இட்டு, அந்தக் கொம்பறையையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினர்.

அப்படியிருந்தும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் வளவுகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு நிலவறை வந்து சேர்ந்தது. அதற்கு வரைபடம் தந்தது அச்சம். சிறுவர் முதல் முதியோர்வரை 'பங்கர்' என்று வழங்கிய பதுங்குகுழியையே குறிப்பிடுகிறேன். ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றியும் தென்னங்குற்றியும் அடுக்கி, அதன்மேல் மண்மூடை பரப்பினர். வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் ஓடாதுபோன காலத்தில், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் இக்கிடங்குகளுக்கு வளையும் கூரையுமாயின. உரப்பை கிடைக்காத இறுதி மாதங்களில் தாய்மார் தம் சேலைகளைக் கிழித்துத் தைத்து மண்மூடை செய்தனர்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றது. முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாகத் தத்தம் ஊர்களுக்கு மீண்டனர். வீடு இல்லை, கூரை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. ஆனால் கிடங்கு இருந்தது. பலர் அதனை உடனே மூடினர். வேறு சிலருடைய வளவுகளில் அது பாதி இடிந்தும், பற்றை மூடியும், மழைநீர் தேங்கியும் நெடுங்காலம் கிடந்தது. இவ்வாறு பயனற்றுக் கிடக்கும் கிடங்கை என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில், புதுவீட்டுக்கு நிலம் அளக்கச் சென்றிருந்தபோது இவ்வினா என் முன்னே வந்தது. வீட்டின் பின்புறத்தே எட்டடி நீளமும் நாலடி அகலமும் ஆறடி ஆழமுமான கிடங்கொன்று இருந்தது. மகன், உடைந்த ஓடுகளையும் பழம் பொலித்தீனையும் அதனுள் கொட்டி மேலே மண்போட்டு மூடிவிடலாம் என்றான். திண்ணையிலிருந்த தாயார் அதுவரை வாய் திறக்கவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "அது எங்களைக் காப்பாத்தின கிடங்கு, தம்பி. மூடுறதெண்டாலும் மூடுங்கோ. குப்பை மட்டும் கொட்டாதேயுங்கோ."

அச்சொல்லில் உள்ள நியாயத்தை நான் அன்று உணர்ச்சியளவில்தான் விளங்கிக்கொண்டேன். தொழில்முறையிலும் அது சரியானதே என்பது பின்னரே புலப்பட்டது. குப்பை கொட்டி மூடிய கிடங்கு மூடிய கிடங்காகாது. உள்ளே இருக்கும் மரக்குற்றியைக் கறையான் அரிக்கும், பை மக்கும், வெற்றிடம் உண்டாகும், இரண்டொரு மாரிக்குப் பின் மேல்மண் திடீரெனக் கீழிறங்கும். அதன்மேல் சுவர் நின்றால் சுவர் வெடிக்கும். குழந்தை நின்றால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நேயர்களே, கிடங்கை அரைகுறையாக விடலாகாது. ஒன்று, முறையாக மூடவேண்டும். அன்றேல், முறையாகப் பயன்படுத்தவேண்டும்.

எவ்வழியாயினும் முதலிற் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. போர் நடந்த நிலத்தில் பழைய கிடங்கொன்றைத் தாமாகவே கிண்டத் தொடங்குவது பேதைமை. கண்ணிவெடித் தடையுடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வன்னியில் வெடிபொருள் அகற்றும் பணி அதற்கு முன்பிருந்தே நடந்துவருவதாயினும், துருப்பிடித்த இரும்பெதுவும் கண்ணிற் பட்டால் கையை எடுத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்துக் காத்திருப்பதே அறிவுடைமை. அடுத்து, நெடுநாள் மூடிக்கிடந்த குழியினுள் காற்று நஞ்சாகியிருக்கக்கூடும். வாயை அகலத் திறந்து, நன்கு காற்றாடவிட்டு, மேலே ஒருவர் துணைநிற்கவே ஒருவர் இறங்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் குழிக்குள் இறக்கி இயக்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இனி, மூடும் முறையைக் கூறுவேன். உள்ளிருக்கும் மரம், பை, பொலித்தீன் அனைத்தையும் வெளியேற்றுக. நல்ல மண்ணை அல்லது கிறவலை அரையடிக்கு ஒரு படையாக இட்டு, அளவாக நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குக. பின்பு அடுத்த படை. நிரம்பியபின் தரைமட்டத்துக்கு மேலும் முக்காலடி மேடாக விடுக. அது ஒரு மாரியில் தானே அமிழும். வீட்டுச் சுவர் இவ்விடத்துக்கு மிக அருகே வரலாகாது. கிடங்கு எத்தனை அடி ஆழமோ அத்தனை அடி தூரமாவது விலகி அத்திவாரம் இடுவது நன்று. ஆறடிக் கிடங்குக்கு ஆறடி விலக்கு. வளவு சிறிதாய், விலக இடமில்லையாயின், பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரைக் கேட்காமல் கல் வைக்கவேண்டாம். மூடிய இடத்தின் நடுவே வாழையோ பப்பாசியோ வைத்தால், இளகிய மண்ணில் அது செழிக்கும்.

இரண்டாவது வழி, கிடங்கை நீர்த்தாங்கியாக்குவது. இதுவே வன்னிக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. கணக்கைச் சற்றே பாருங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடொன்று ஏறத்தாழ 550 சதுர அடி. அத்தகைய வீட்டின் கூரைமீது ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பீலி வழியே வருமாயின், ஏறக்குறைய 49,000 லீற்றர் நீர் நம் முற்றத்திற் கொட்டி ஓடிப்போகிறது. நான் குறிப்பிட்ட கிடங்குக்கு உட்சுவர் கட்டிப் பூசியபின் அது சுமார் 3,200 லீற்றர் கொள்ளும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் எடுத்தால், அந்நீர் நான்கு மாதங்களுக்கு வரும். வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள வரட்சியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

கிணற்றுநீர் உவரும் இடங்களிலும், காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் காணப்படும் வவுனியா மாவட்டப் பகுதிகளிலும், சுத்தமாகச் சேமித்த மழைநீரின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்குரிய வேலைமுறை வருமாறு. பழைய கூரைக்குற்றிகளை நீக்கிக் குழியின் அடியைச் சமப்படுத்தி, கம்பி பரப்பிய கொங்கிறீற்றுத் தட்டு இடவேண்டும். மூலைகளைக் கூராக விடாது வளைத்துக் கட்டினால் வெடிப்புக் குறையும். உட்புறம் நீர் கசியாத சீமெந்துப் பூச்சு. மேலே கொங்கிறீற்று மூடி. ஆள் இறங்கும் வாயில் பூட்டத்தக்க மூடி. நுளம்பு நுழையாத வலை. தாங்கியின் வாய் முற்றத்து வெள்ளம் புகாதவாறு தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்ந்திருத்தல் அவசியம். முதல் மழையின் நீர் கூரைத்தூசியைக் கழுவிவருவதால் அதனைத் தாங்கிக்குள் விடாது வெளியே போக்கவேண்டும். மலசலகூடக் குழி அருகிலிருந்தால் இவ்வெண்ணத்தை அடியோடு கைவிடுக. குடிக்குமுன் கொதிக்கவைத்தல் எஞ்ஞான்றும் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது, வெறுமையாய்க் கிடக்கும் தாங்கியை அது தோணியைப்போல் மேலே தள்ளும், அடித்தட்டு வெடித்துவிடும். ஆகவே மாரிகாலத்தில் தாங்கியை வெறுமையாக விடக்கூடாது. கார்த்திகையில் கிடங்கினுள் நீர் ஊறி நிற்கும் பள்ளக்காணியாயின், அங்கே தாங்கி வேண்டாம், மூடுவதே உத்தமம்.

மூன்றாவது வழி, நீரூறாத மேட்டுக்காணிக்கு உரியது. அங்கே கிடங்கை அரைநிலவறையாக்கலாம். ஆறடி ஆழத்தை மண்ணிட்டு இறுக்கி மூன்றடியாகக் குறைத்து, பக்கங்களை அகலித்துச் சரிவாக்கி, கல்லடுக்கி, இரண்டு மூன்று படி வைத்து, மேலே கிடுகுக் கூரை தாழ இறக்கினால், சோளகக் காற்று அனலாய் வீசும் ஆடியிலும் உள்ளே குளிர்மை தங்கும். இத்தகைய இடம் எதற்கு உதவும்? நெல்லுக்கு உதவாது. நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்குக்குமேல் ஈரமேறிய நெல் பூஞ்சணம் பிடிக்கும். கொம்பறையை உயர்த்திக் கட்டிய முன்னோரின் அறிவு அதுவே. படுக்கைக்கும் உதவாது. ஆனால் ஈரமும் நிழலும் விரும்பும் பயிரொன்று உண்டு. சிப்பிக் காளான், காற்றோட்டமுள்ள ஈரநிழலில், அவித்து ஆறவைத்த வைக்கோலில் வளரும். வைக்கோலுக்கு வன்னியிற் பஞ்சமில்லை. இருபக்கமும் எதிரெதிராகக் காற்றுவழி வைத்து, நாளுக்கு இரண்டுமுறை நீர் தெளித்தால், ஒரு குடும்பப் பெண் வீட்டிலிருந்தபடியே சிறு வருவாய் தேடிக்கொள்ளலாம். வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் நம் வழக்கத்துக்கும் இதன் ஒரு மூலை போதும்.

அச்சத்துக்காக அகழ்ந்ததை வாழ்வுக்காகத் திருத்துவது நம்மோடு தொடங்கியதன்று. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வீட்டுத் தோட்டங்களில், வளைந்த நெளிதகடுகளை நாலடி ஆழத்தில் பதித்து 'அண்டர்சன்' என்னும் காப்பிடங்களை அமைத்தனர். போருக்குப்பின் பலர் அவற்றையே தோட்டக்கருவி வைக்கும் கொட்டில்களாக மாற்றிக்கொண்டனர். அல்பேனியா நாட்டில் முன்னைய ஆட்சியார் நாடெங்கும் கட்டிய கொங்கிறீற்றுக் காப்பரண்களிற் சில இன்று சிற்றுண்டிச்சாலைகளாயின. தலைநகர் திரானாவின் அருகேயுள்ள பெரிய நிலவறையொன்று 2014இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நமது புதுக்குடியிருப்புக் காட்டில், நிலத்தடியில் நான்கு தளங்களாக இருந்த விடுதலைப் புலிகளின் தலைவருடைய பதுங்குமனை, போருக்குப்பின் சிலகாலம் பார்வையாளருக்குக் காட்டப்பட்டு, 2013 ஒக்ரோபரில் இராணுவத்தினரால் தகர்க்கப்பட்டது. பெரிய நிலவறைகளின் விதியை அரசுகள் தீர்மானிக்கின்றன. நம் வளவிலுள்ள சிறு கிடங்கின் விதியையோ நாமே தீர்மானிக்கலாம்.

அவ்வாறு தீர்மானிக்கையில், மண்வெட்டியை எடுக்குமுன் வீட்டிலுள்ளோர் யாவரும் கூடிப் பேசுதல் வேண்டும். ஒருவருக்கு அக்கிடங்கு உயிர்காத்த இடம். இன்னொருவருக்கு அதே கிடங்கு ஓர் உயிர் பிரிந்த இடமாயிருக்கலாம். நாள்தோறும் அதனைப் பார்ப்பதே சிலருக்கு நோவு; அதனை மறைத்துவிடுவது சிலருக்கு நோவு. இதற்கு அளவுகோல் கொண்டு விடைகாண இயலாது. முன்னையவருக்காக நன்கு மூடி ஒரு மரம் வையுங்கள். பின்னையவருக்காகப் பழைய சிலிப்பர் கட்டையொன்றைத் திண்ணையோரத்தில் இருக்கையாக வைத்துவிட்டு மற்றதைத் திருத்துங்கள். எந்தத் தொழிலாளியும் இதனை அவர்களுக்காக முடிவுசெய்ய உரிமையுடையவனல்லன்.

நான் முன்னே சொன்ன வீட்டில், தாயும் மகனும் சில நாள் பேசியபின் நீர்த்தாங்கிக்கு இசைந்தனர். அது மேட்டுக்காணி. அடித்தட்டு இட்ட அன்று தாயார் ஒரு செம்பு நீரை அதன்மேல் ஊற்றினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வரட்சியில் அவ்வழியே சென்றபோது, அத்தாங்கியின் நீரிற் காய்ச்சிய தேநீர் எனக்குக் கிடைத்தது. பேரப்பிள்ளை மூடியின்மேல் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தான். மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்றுதான் நான் முதலிற் பார்த்தேன். போட்டிருந்தார்கள்.

நேயர்களே, ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மண்வேலை செய்ய இயலாது. உங்கள் வளவிலோ அயல்வளவிலோ இத்தகைய கிடங்கு இருக்குமாயின், கோடைக்குள் அதனைச் சுற்றி முதலில் ஒரு வேலி இடுங்கள். பிறகு ஆறுதலாக அமர்ந்து, மூடுவதா, நீருக்கு விடுவதா, நிழலுக்கு விடுவதா என்று முடிவுசெய்யுங்கள். எம்முடிவாயினும் சரி, குப்பை மட்டும் கொட்டாதீர்கள்.